மூடுபனிக்கு ஒரு டேப்லெட்

"நல்லதா காட்டுங்க கடைக்காரம்மா. காசு இவர் குடுப்பார், தேர்ந்தெடுக்கறது நான்."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள் அந்தப் பெண்மணி. முழங்கால் வரை தொங்கிய மஞ்சள் மழைக்கோட்டு ஆண்பிள்ளை அளவு. அதற்குள் அவள் பாதி காணாமல் போயிருந்தாள். பின்னாலேயே அவளுடைய பையைச் சுமந்துகொண்டு, வெறும் சட்டையோடு அவர்.

"குடுக்கத்தானே பொறந்திருக்கேன்," என்றார்.

"படகுக்கா?" கடைக்காரி கேட்டாள். படித்துறைக்கு எதிரே கயிறு, மிதவை, பாட்டரி, படகில் வழி பார்க்கும் டேப்லெட் எல்லாம் விற்கும் ஒரே கடை அவளுடையது.

"சின்னப் படகு. இருந்தது தண்ணிக்குள்ள போயிடுச்சு."

"டேப்லெட்டைச் சொல்றாங்க," என்று அவர் அவசரமாகத் திருத்தினார்.

"படகும் போயிருக்கும். இவர் ஓட்டின அழகுக்கு, ஒரு நசுங்கலோட தப்பிச்சுது."

கடைக்காரி சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அவளுக்குச் சிரிப்பே வரவில்லை. படகுகளுக்கு ஒயரிங் செய்கிற மனிதர் போன வாரம் நேராகவே கேட்டுவிட்டார்: "நீங்களும் தனி, நானும் தனி. கல்யாணம் பண்ணிக்கலாமா? யோசிச்சுச் சொல்லுங்க." இன்றைக்குப் பதில் சொல்வதாக இருந்தாள். பிடிக்கவில்லை என்றில்லை. பிடித்துத்தான் இருந்தது. பயம் வேறு. கணவர் உயிரோடு இருந்தவரை, அவர் இருமும்போதே அது வெந்நீருக்கா, வெறும் செருமலா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் வர பாதி ஆயுள் ஆனது. இன்னொருவரோடு அதை முதலிலிருந்து தொடங்க, ஆயுள் எங்கே மிச்சம் இருக்கிறது?

முதல் டேப்லெட்டை எடுத்து வைத்தாள்.

"சிக்னல் இல்லாட்டியும் நாம எங்க இருக்கோம்னு காட்டுமா?"

"இது காட்டாதுங்க. வைஃபை வேணும்."

"அப்ப உள்ள வைங்க. நடுத் தண்ணியில எந்த மீன்கிட்டப் போய் வைஃபை கேக்கறது?"

இரண்டாவதை அந்தப் பெண்மணி வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தாள். "இது முகம் பாக்கற கண்ணாடி. என் நரைதான் தெரியுது."

"எங்க நரை? ஒண்ணையும் காணோமே," என்றார் அவர்.

"நீங்கதான் முன்னாடி இருக்கற எதையும் பாக்க மாட்டீங்களே!"

மூன்றாவது தடித்த உறை போட்டது. அவள் கண்ணைச் சுருக்குவதற்குள் அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். அவளும் பேசாமல் வாங்கி மாட்டிக்கொண்டு, தண்ணீரில் விரலை நனைத்துத் திரையைத் தேய்த்தாள். வரைபடம் வழுக்கிக்கொண்டு போய் ஏதோ ஒரு பாறைமேல் நின்றது.

"ஈர விரல்னா எல்லாமே கொஞ்சம் தகராறுதான்," கடைக்காரி மறைக்காமல் சொன்னாள். "ஆனா இதுல பக்கத்துல பட்டன் இருக்கு. அதை அழுத்தியே படத்தைப் பெரிசாக்கலாம்."

"வெயில்ல அணைஞ்சுடாதே?" என்றார் அவர்.

"ரொம்பச் சூடானா எதுவும் அணையும். மேல ஒரு மறைப்பு வெச்சு மாட்டணும். மாட்டறவரை வரச் சொல்றேன்." ஒயரிங்காரரைத்தான் கூப்பிட வேண்டும். போனில் விஷயத்தை மட்டும் சொல்லி வைத்தாள். "டீ சொல்லட்டுங்களா?"

"இவங்களுக்குச் சர்க்கரை வேண்டாம்," என்றார் அவர்.

"இவருக்கு ரெண்டு கரண்டி," என்றாள் அவள். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

கடைக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயாடினாலும் மனைவியை 'இவங்க' என்று மரியாதையாகச் சொல்கிற மனிதர். கேட்காமலே நீளும் கண்ணாடி. சண்டையில்கூட ஒரு தாளம். இதெல்லாம் கடையில் வாங்குகிற சாமானா? ஆற்றில் கிடந்து கிடந்து கல் கூழாங்கல் ஆவது போல ஆக வேண்டும். தனக்கு இனி அது நடக்காது. ஒயரிங்காரரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிடலாம். முடிவெடுத்தால் மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.

"இதையே எடுத்துக்கறோம்," என்றாள் அந்தப் பெண்மணி, வந்த டீயைக் குடித்துக்கொண்டே.

பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது கடைக்காரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவளுக்கு டீ புரையேறியது. அவர் தண்ணீரை நீட்டினார்.

"கல்யாணமா? நல்லாக் கேட்டீங்க போங்க!" சிரிப்பில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "இன்னிக்கு விடியக்காலை மூடுபனியில, தன்னோட டேப்லெட்டையே பாத்துக்கிட்டு வந்து இவர் படகை என் படகு மேல இடிச்சார். என் டேப்லெட்டு, மூக்குக்கண்ணாடி எல்லாம் தண்ணிக்குள்ள. அதுக்கு முன்னாடி இந்த முகத்தைக் கண்ணால பாத்ததில்லை. நீங்க கடை திறக்கற வரைக்கும் படித்துறையில உக்காந்து சண்டை, டீ, மறுபடி சண்டை. பேருகூட இன்னும் கேக்கலை!"

"இடிச்ச உடனே அவங்களே எனக்கு நாலஞ்சு பேர் வெச்சுட்டாங்க," என்றார் அவர், காது மடல் சிவக்க.

வாசலில் கருவிப் பெட்டியோடு ஒயரிங்காரர் வந்து நின்றார். கடைக்காரியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், "படகு எங்க நிக்குது?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"படகு எங்கயும் போகாது, முதல்ல உள்ள வந்து உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, கடைக்காரி இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். "உங்களுக்கு டீயில எத்தனை கரண்டி சர்க்கரை?"