சின்னத் தீவு போதும்

"கடைசியா கேக்குறேன். மால்டாவா, கிரீட்டா? உங்க அக்கா மாடியிலேர்ந்து இறங்கி வர்றதுக்குள்ள முடிவு பண்ணுங்க."

மனைவி அவசரப்படுத்த, கணவர் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தீவுகளின் படங்களையும் விரித்து வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவர். எதையும் இரண்டு முறை அளக்காமல் கை வைக்க மாட்டார்.

"கிரீட்ல மலை இருக்கு, பழைய அரண்மனை இருக்கு. எங்க முதலாளி போன வருஷம்தான் போயிட்டு வந்தார். எது தெரியணும்னாலும் அவரைக் கேட்டுக்கலாம்."

"அதுக்காகவே வேண்டாம்."

"ஏன்?"

"நீங்க திரும்பக் கடைக்குப் போனதும் அரண்மனையில எந்தப் பக்கம் நுழைஞ்சே, எந்தப் பக்கம் வெளியே வந்தேன்னு உட்கார வச்சுக் கேப்பார். மால்டாவுக்கு நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் போனதில்லை. சின்னத் தீவு. நாலு வார்த்தையில சொல்லி முடிச்சுடலாம்."

"இருந்தாலும் அந்த அரண்மனை..."

"ஐயோ, அரண்மனையை விடுங்களேன்."

"சரி, வெயில்? ரெண்டு இடத்துலயும் கொளுத்துமாம். கறுக்காம எப்படித் திரும்பி வர்றது?"

"பெரிய குடையா ஒண்ணு வாங்கியிருக்கேன். உங்க அக்கா கண்ணுல படுற மாதிரி பெட்டிமேல வைங்க."

அவர் எழுந்து போய்க் குடையை வைத்தார். அது நேராக இல்லை என்று மறுபடியும் எடுத்து வைத்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு மருத்துவமனையில் விசாரணை மேஜையில் வேலை. எக்ஸ்ரே எங்கே, கழிவறை எங்கே, டாக்டர் இன்னும் வரலையா என்று நாள் முழுக்கக் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், மாடி வீட்டு நாத்தனார் தன்னிடம் இருக்கும் சாவியால் கதவைத் திறந்து சோபாவில் உட்கார்ந்திருப்பாள். ஏன் லேட்டு, என்ன சமையல், இந்தத் திரைச்சீலை எவ்வளவு என்று அங்கே விட்ட கேள்விகள் இங்கே தொடரும். பத்து நாள், யாரும் எதுவும் கேட்காமல் கிடக்க வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான். அதற்காக மூன்று வருஷமாக விடுப்பைச் சேர்த்து வைத்திருந்தாள்.

பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

"என்னடா தம்பி, இன்னும் படத்தைத்தான் தடவிக்கிட்டிருக்கியா?" நாத்தனார் நேராக சோபாவுக்குப் போனாள். "கிரீட்டுக்குப் போங்க. மால்டா துக்கடாத் தீவு. ஒரே நாள்ல சுத்தி முடிச்சுட்டு அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"மால்டாதான் அண்ணி. முடிவு பண்ணியாச்சு."

"என் பேச்சை யார் கேக்குறா?" நாத்தனார் காலால் பெட்டியைத் தள்ளிப் பார்த்தாள். பெட்டி நகரவில்லை. "இது என்ன இப்படிக் கனக்குது? உள்ளே என்ன, அம்மியா?"

"புஸ்தகம்க்கா" என்றார் தம்பி.

"பள்ளிக்கூடத்துல தொடாத புஸ்தகத்தைக் கடலுக்குத் தூக்கிட்டுப் போறானாக்கும். சரி, நீங்க கவலைப்படாமப் போயிட்டு வாங்க. தினம் மத்தியானம் நான் வந்து செடிக்குத் தண்ணி ஊத்திட்டு, இங்கேயே கொஞ்சம் படுத்து எந்திரிக்கிறேன். மாடியில ஒரே அனல்."

மனைவி சட்டென்று கணவரைப் பார்த்தாள். அவர் எழுந்து போய், முந்திக்கொண்டு இரண்டு செடித் தொட்டிகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்.

"செடியெல்லாம் இப்பவே உங்க வீட்டுக்கு வந்துடும் அண்ணி. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

"படி இறங்குறதுல என்னம்மா அலைச்சல்?"

"அப்புறம், அந்தச் சாவியும் வேணும் அண்ணி. இவர் தன்னோடதைத் தொலைச்சுட்டு நிக்கிறார்."

தொலையாத சாவி சட்டைப் பையில் கிடக்க, கணவர் தொட்டிகளோடு தலையைக் குனிந்துகொண்டார்.

நாத்தனார் கொத்திலிருந்து சாவியைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். "என்னை நம்பலைன்னு நேரா சொல்லிட்டுப் போயேன்."

"நம்பாமலா அண்ணி செடியையெல்லாம் உங்ககிட்ட விடுறோம்?"

"நல்லாப் பேசுவே. தினம் ஒரு போட்டோ அனுப்பணும். பின்னாடி கடல் தெரியணும்."

"அங்கே போனையே அணைச்சு வச்சுடுவோம் அண்ணி."

"அப்படி என்னதான் பண்ணப் போறீங்க அங்கே?"

"தூங்கப் போறோம்" என்றாள். அன்றைக்கு நாத்தனாரிடம் அவள் சொன்ன முதல் உண்மை அதுதான். நாத்தனார் அதை நம்பவில்லை.

மறுநாள் காலையில் டாக்சி வந்தது. பெட்டியை வண்டியில் ஏற்ற ஓட்டுநரும் கணவரும் சேர்ந்து திணறினார்கள். மேலே பால்கனியில், தொட்டிகளுக்கு நடுவே நின்று நாத்தனார் கையசைத்தாள். ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு இவளும் அசைத்தாள். தெருமுனை திரும்பும்வரை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

"விமான நிலையம்தானே?" என்றார் ஓட்டுநர்.

"இல்லைங்க. இன்னும் ரெண்டு தடவை இடதுபக்கமே திரும்பி, நாங்க ஏறின கட்டடத்தோட பின்வாசல்ல சத்தமில்லாம விட்டுடுங்க" என்றவள், கணவர் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "பெட்டியில அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் இருக்கு, வேணுங்கிறதை வேக வச்சுக்கலாம். ஆனா மால்டாவிலேர்ந்து திரும்புற வரைக்கும் வெங்காயம் மட்டும் வதக்கக் கூடாது, வாசம் மாடிக்குப் போயிடும்."