கிளி சொன்ன ஒருவேளை

"வலது கண்ல இனிமே பார்வை திரும்பாது. இடது கண்ணும் கொஞ்சம் கொஞ்சமா போயிடும். ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்லை. இதை அப்படியே அவங்ககிட்டச் சொல்லிடும்மா."

கண் டாக்டருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு தச்சர். பக்கத்தில் அவர் மனைவி. இருவருக்கும் ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும் என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருந்தார்கள். வந்திருந்தவள் சின்னப் பெண். சொன்னதைச் சொல்லும் வேலை என்பதால் நர்சுகள் அவளுக்கு வைத்த பெயர் கிளி.

கிளி பேச ஆரம்பித்தாள். மருந்துச் சீட்டை எடுக்கக் குனிந்த டாக்டர் அப்படியே நின்றார்.

கிஸாஸ் என்றாள் கிளி. சற்றுப் பொறுத்து, தல் வேஸ். அப்புறம் ஒரு புவேதே கே. கடைசியில் தச்சரின் மனைவியைப் பார்த்தபடி, அ லோ மெஹோர்.

டாக்டர் படிக்கிற காலத்தில் மாலை வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் ஸ்பானிஷ் கற்றவர். மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது. இந்த ஒரு பாடம் மட்டும் நெஞ்சில் தங்கியிருந்தது. நாம் 'ஒருவேளை', 'இருக்கலாம்' என்று ஓட்டிவிடுகிறோம். ஸ்பானிஷ்காரர்களிடம் அதற்கு ஒரு கூடை வார்த்தைகள்; கிளி சொன்ன நாலும் அந்த ரகம்தான். நிச்சயமில்லாததைச் சொல்ல இத்தனை எதற்கு என்று அன்றைக்கே அவருக்கு எரிச்சல்.

தச்சரின் மனைவி முகம் மலர்ந்து, கணவரின் தோளைத் தட்டி ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

டாக்டருக்குச் சுருக்கென்றது.

"ரெண்டு பேரையும் கொஞ்சம் வெளியில உட்காரச் சொல்லு."

கதவு மூடியது.

"நான் எத்தனை 'ஒருவேளை' சொன்னேன்?"

கிளி தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணுகூடச் சொல்லலை. நீ வாரி வாரி வழங்குறே. எனக்கு ஒண்ணும் விளங்காதுன்னு நினைச்சியா?"

"உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியும்னு எனக்குத் தெரியாது, டாக்டர்."

"அதான் இந்தத் துணிச்சல். பார்வை வந்துடும்னு நம்பி அந்த மனுஷன் நாளைக்கு ரம்பம் பிடிச்சு விரலை அறுத்துக்கிட்டா யார் பொறுப்பு? நீயா, உன் கிஸாஸா?"

டாக்டர் மேசையைச் சுற்றி அவள் எதிரே வந்தார்.

"உனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை இல்லே? சாயந்திரம் நிர்வாகிகிட்டப் பேசிடறேன். ஏன் இப்படிப் பண்ணினேன்னாவது சொல்லேன்."

"சொல்றதுக்கு இல்லை, டாக்டர்."

"நல்ல கிளி. வேண்டாதப்ப பேசும், கேட்டா வாயைத் திறக்காது."

அப்போது கதவு திறந்தது.

"அந்தப் பொண்ணை விட்டுடுங்க, டாக்டர்."

டாக்டர் தன்னையறியாமல் கிளியைத் திரும்பிப் பார்த்தார். அவள் உதடு அசையவில்லை. சுத்தமான உள்ளூர்ப் பேச்சு. பேசியது, கதவு நிலையைத் தடவியபடி நின்ற தச்சர்.

"கதவு வெறும் ஒட்டுப்பலகை, டாக்டர். இதுல என்ன ரகசியம் பேச முடியும்? நல்லவேளை, என் வீட்டுக்காரி தண்ணி குடிக்கப் போயிருக்கா."

"உங்களுக்கு நம்ம பேச்சு..."

"இத்தனை வருஷம் மரக்கடையில பேரம் பேசியிருக்கேனே, சைகையிலயா பேசியிருப்பேன்? நீங்க சொன்னது எல்லாம் புரிஞ்சுது. ரம்பத்தைப் போன வாரமே கட்டிப் பரண்ல போட்டுட்டேன். மொழிபெயர்ப்பு எனக்கில்லை, அவளுக்கு. எனக்குத் தலைவலின்னா அவளுக்குச் சாப்பாடு இறங்காது. நேரம் பார்த்து நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன், அதுவரைக்கும் 'ஒருவேளை' போட்டுப் பேசும்மான்னு உள்ளே வர்றதுக்கு முன்னாடியே இவ கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னேன். உங்ககிட்டயும் சொல்லலை பாருங்க."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண் போகப் போகிறது என்று காதால் கேட்டுவிட்டு, மனைவிக்காக உட்கார்ந்து சிரித்த மனிதர். அவர் சொன்னதற்காக வேலையே போனாலும் வாய் திறக்காத பெண். இத்தனை வருஷம் எத்தனையோ கண்களைப் பார்த்தாயிற்று. இதைப் பார்த்ததில்லை.

"மன்னிச்சுக்கோம்மா" என்றார், கிளியிடம். பார்வை போவதைச் சற்றுத் தள்ளிப்போடும் சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார். தச்சரின் கையைப் பிடித்து மருந்து வாங்குமிடத்துக்குக் கூட்டிப் போனாள் கிளி.

கொஞ்ச நேரத்தில் தச்சரின் மனைவி எட்டிப் பார்த்தாள். கணவரைத் தேடுகிறாள் போலும். டாக்டர் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மாலை வகுப்பில் படித்ததை நெஞ்சுக்குள் துழாவினார். நோயாளிக்கு உறுதியில்லாத ஒரு வார்த்தையும் இதுவரை சொல்லாத வாய், திக்கித் திணறிச் சொன்னது.

"கிஸாஸ்... அ லோ மெஹோர்..."

அவள் கதவைச் சாத்தினாள்.

"சிரமப்படாதீங்க, டாக்டர். அவர் வேலைக்குப் போனதும் மாடி வீட்டுக்காரியோட தினம் மல்லுக்கு நிக்கிறவ நான். அவளை எந்த மொழியில திட்டுவேன்னு நினைக்கிறீங்க?"

பிடித்திருந்த கையை டாக்டர் விட்டார்.

"அப்போ நான் சொன்னது..."

"நீங்க சொன்னப்பவே புரிஞ்சுது. அவருக்கும் புரிஞ்சுதுன்னு தெரியும். அதுக்கப்புறம் சிரிக்கத்தான் பெரும்பாடு பட்டுட்டேன்."

"அவர்கிட்டச் சொல்லிடுங்களேன். ரெண்டு பேரும் சேர்ந்து அழுதா பாரம் இறங்குமே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கைத்தொழில் போயிடுச்சு, டாக்டர். இப்ப அவருக்குன்னு மிச்சம் இருக்கிற ஒரே வேலை, என்னைக் கலங்காமப் பார்த்துக்கிறது. அதையும் பிடுங்கச் சொல்றீங்களா?"