இரண்டாவது பெயர்

வீட்டுக்கார அம்மாள் வாடகை ஒப்பந்தத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். ஜன்னல் வெயில் தாளின் பாதியில் விழுகிறது. "தங்கச்சி பேரையும் சேர்த்துடலாம் தம்பி. எவ்வளவு அடக்கமான பொண்ணு!" குடியிருக்கும் எலக்ட்ரீஷியன் சட்டைப்பையிலிருக்கும் டெஸ்டரை எடுப்பதும் செருகுவதுமாக நிற்கிறான். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறோம் என்றால் வீடு தரமாட்டார்களோ என்ற பயத்தில், குடிவந்த அன்று கூட வாழ்பவளைத் தங்கச்சி என்று அவன் சொன்ன பொய் அது. இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவதாகக் காலையில்தான் அவளுக்கு வாக்குக் கொடுத்தான். "அது வந்தும்மா..." என்று தொடங்கியவன் மறுபடி டெஸ்டரை எடுக்கிறான். பேனா தாளுக்கு மேல் காத்திருக்கிறது. சமையலறை வாசலில், எப்போதோ காய்ந்துவிட்ட கையை இன்னும் துண்டில் துடைத்துக்கொண்டிருக்கிறாள் அவள். அவனைப் பார்க்கவில்லை. "தங்கச்சின்னே போட்டுக்கோங்கம்மா," என்கிறாள். "அண்ணனுக்கு அதுதான் வசதி."