சடையன் காட்டிய வீடு

தீ எரித்ததை மறுநாள் சூறைக்காற்று வாரிக்கொண்டு போயிருந்தது. மலைமேடு முழுதும் கரிந்து கிடந்தது; அங்கே ஒரு மூங்கில் வீடு இருந்ததற்குச் சிறு அடையாளமும் இல்லை. நிவாரண மனுவில் வீட்டின் நீள அகலம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது வெறும் நிலம், உதவி வராது. வருவாய் ஆய்வாளர் தணிகைநாதன் அளவு நாடாவோடு நின்றார். "எங்கேருந்தும்மா அளக்கறது?"

வீட்டுக்காரி பொம்மி கரிந்த தரையின் நடுவில் போய் நின்று, "சடையா!" என்று தன் நாயைக் கூப்பிட்டாள். பாய்ந்து வந்த நாய் பத்தடி தள்ளிச் சட்டென்று நின்று வாலாட்டியது.

"அத உள்ள விட்டதே இல்ல சார். அது நிக்கிற எடந்தான் சுவரு."

அவள் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பிக் கூப்பிட்டாள். நாய் சுற்றிச் சுற்றி ஓடியது. அது நின்ற இடத்திலெல்லாம் அவர் சுண்ணாம்புப் பொடியைத் தூவினார். கோடுகள் கூடியபோது அங்கே ஒரு வீடு இருந்தது.

"உள்ள வாடா, இனி யாரு வெரட்டப் போறா" என்றாள் பொம்மி.

சடையன் கோட்டின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

உள்ளே நின்றிருந்த தணிகைநாதன் தன் கால்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, வெளியே கொண்டுபோய் நாயின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.