மூடாத உப்பு ஜாடி

சாக்லேட்டைத் தட்டில் ஊற்றிப் பரப்பிய கையோடு, துணி எடுத்து வருகிறேன் என்று சின்னவள் மாடிக்குப் போனாள்.

இன்று அந்த வீட்டில் யாரும் துணியே துவைக்கவில்லை. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவள் ஓரகத்தி மூத்தவள் இல்லை.

அவள் கண்ணெல்லாம் உப்பு ஜாடியின் மேல். வழக்கம்போல மூடி போடாமல், தட்டுக்குப் பக்கத்திலேயே விட்டுப் போயிருக்கிறாள் மகராசி.

அடியில் நொறுக்கிய பிஸ்கட், நடுவில் வெண்ணெய் விட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு, மேலே சாக்லேட். பாகிலேயே சின்னவள் உப்புப் போட்டுவிடுவாள். கடித்தால் முதலில் தித்திப்பு, பின்னாலேயே ஒரு கரிப்பு. இந்த வீட்டு இளைய மருமகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட இது போதாதா?

மாமனார் ஆடினார். பக்கத்து வீடு ஆடியது. கல்யாணமான நாளிலிருந்து மூத்தவளின் சமையலுக்கு 'ம்' கொட்டுவதோடு நிறுத்திக்கொண்ட அவள் கணவன், ஒரே மூச்சில் நான்கு துண்டு தின்றுவிட்டு விரலைச் சப்பினான்.

அன்றுதான் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அடுத்த முறை சின்னவள் மாடிக்குப் போனதும் ஒரு சிட்டிகை உப்பை மேலே தூவிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

கெட்டுப்போகவில்லை. முன்னைவிட ருசி என்றார்கள்.

அடுத்த முறை இன்னும் கொஞ்சம். அதற்கும் பாராட்டு. போன வாரம் ஒரு கைப்பிடியே போட்டாள். மாமனார் வழித்து நக்காத குறை.

அந்தத் தட்டிலிருந்து ஒரு துண்டு எப்படியோ கடைத்தெரு பேக்கரிக்காரர் வாய்க்கும் போய்விட்டது. கடையில் வைத்து விற்கலாமா என்று பார்க்க இன்று நேரில் வருகிறார்.

நான் போட்டால்தானே இவளுக்குப் பேர் என்று நினைத்தாள் மூத்தவள். ஜாடியை இறுக மூடி அலமாரியில் ஏற்றினாள். இன்று ஒரு கல் உப்புகூடக் கிடையாது. வெறும் பாகு உப்போடு நிற்கட்டும், பார்க்கலாம்.

சின்னவள் வெறுங்கையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

சாக்லேட் இறுகியதும் துண்டு போட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். பேக்கரிக்காரர் கண்ணை மூடி மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"வெறும் சக்கரையா இருக்கேம்மா. உப்பு எங்க? அதுக்காகத்தானே வந்தேன்."

கதவோரம் நின்ற மூத்தவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. முகத்தை மட்டும் பாவமாக வைத்துக்கொண்டாள்.

சின்னவள் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள். பேக்கரிக்காரரை விட்டுவிட்டு நேராக இவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. ஒன்றும் புரியாத பார்வை.

"என்னக்கா, இன்னைக்கு நீங்க போடலையா? உங்க கை அளவு எனக்கு வராதுன்னு பாகுல உப்பு போடுறதையே நான் எப்பவோ விட்டுட்டேனே. இந்தக் கடைக்காரர்கிட்டகூட, செய்றது நாங்க ரெண்டு பேரும்னுதானே சொல்லியிருக்கேன்."

மாமனார் திரும்பினார். அடுத்த துண்டை எடுக்கப் போன கணவனும் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

மூத்தவள் பழக்கதோஷத்தில் உள்ளங்கையை முந்தானையில் துடைத்தாள். இன்று அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.