யார் போட்ட புகார்?

"ஃபேக்டரிக்கு எதிர்லயே கடை வச்சுப் பொழைச்சுக்கிட்டு, ஃபேக்டரிக்கே குழி பறிக்கிறீங்களா?"

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில், தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த டெய்லரம்மாவின் கால் அப்படியே நின்றது. சூப்பர்வைசருக்குப் பின்னால் இருபது பேர். எல்லோரும் எதிரே இருக்கும் பெயின்ட் ஃபேக்டரி ஆட்கள்.

ஃபேக்டரிப் புகையைப் பற்றி யாரோ பெயர் போடாமல் புகார் எழுதிவிட்டார்கள். காலையில் அதிகாரிகள் வந்து, "பதினஞ்சு நாள்ல புகைபோக்கிக்கு ஃபில்டர் மாட்டணும். இல்லேன்னா சீல்!" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"உங்க பொண்ணுக்கு இளைப்புன்னா, எங்க பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?" என்றாள் பேக்கிங்கில் வேலை செய்பவள்.

ஏதோ சொல்ல வாயெடுத்த டெய்லரம்மா, சூப்பர்வைசரைப் பார்த்தாள். மறுபடியும் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

"பாத்தீங்களா, வாயே திறக்கல!" என்றார் சூப்பர்வைசர். " இனிமே இந்தக் கடையில யாரும் ஒரு பட்டன்கூடத் தைக்கக் கொடுக்கக் கூடாது!"

யாரும் கொடுக்கவில்லை. வருஷா வருஷம் வரும் யூனிபார்ம் ஆர்டரும் கைவிட்டுப் போனது. மூன்றாம் நாள் ஜன்னல் கண்ணாடியில் கல் விழுந்தது. அதன் பிறகு பட்டப்பகலிலும் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்தே உட்கார்ந்திருந்தாள். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே பயம்.

பதினான்காம் நாள் ஃபில்டர் மாட்டினார்கள். ஃபேக்டரியை மூடவில்லை. அதோடு, புகையைக் காரணம் காட்டி ஒதுங்கியிருந்த பெரிய கம்பெனி ஒன்று, இப்போது தானாக வந்து ஆர்டர் கொடுத்ததாம்.

அன்று சாயங்காலம் ஷட்டருக்கு அடியில் குனிந்து ஓர் ஆள் உள்ளே வந்தார். சூப்பர்வைசர். தனியாக.

டெய்லரம்மா கத்தரிக்கோலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அக்கா... அந்தப் புகாரை எழுதினது நான்தான். பெயின்ட் காய்ச்சுற இடத்துல ரெண்டு பேர் மூச்சு முட்டி விழுந்துட்டாங்க. முதலாளிகிட்ட சொன்னா வேலை போயிடும்னு பயம். என்மேல சந்தேகம் வரக் கூடாதேன்னு உங்களை மாட்டிவிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஆல்டர் பண்ணக் கொடுத்தீங்களே, அந்தச் சட்டைப் பையில இருந்துச்சு. அந்தப் புகாரை அடிச்சுத் திருத்தி எழுதிப் பாத்த காகிதம்."

"அப்புறம் ஏன்க்கா அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி சொல்லலை?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே உங்களை வெளியே அனுப்பியிருப்பாங்க. நாளைக்கு மறுபடியும் புகை வந்தா, அதை எழுத உள்ளே யாரு இருப்பா தம்பி?"