பச்சைப் பொத்தான்

கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு நான் செய்தது ஒரு பொத்தான். மருத்துவமனைச் சம்மதப் படிவத்தை நோயாளிகள் திரையில் சீக்கிரம் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்தைப் பொடியாக்கினேன். சம்மதப் பொத்தானைப் பெரிதாக்கிப் பச்சையடித்தேன். 'மறுக்கிறேன்' என்பதை மூன்று பக்கம் தள்ளி ஒளித்தேன். படிக்கத் தெரியாத என் அம்மாவையே உட்கார வைத்துச் சோதித்தேன். நாற்பது நொடி பிடித்தது இரண்டு நொடியாகக் குறைந்தது.

"பிரமாதம் செண்பகவல்லி, இத ஆஸ்பத்திரிக்கே குடுத்திடலாம்" என்றார் பேராசிரியர். வெட்கமில்லாமல் இளித்தேன்.

இன்று வயிற்றுவலி என்று அம்மாவை ஸ்கேனுக்கு அழைத்து வந்தேன். டோக்கன் வாங்கித் திரும்பினால், நாலு பெஞ்சு தள்ளி நர்ஸ் அம்மாவின் மடியில் ஒரு திரையை வைத்திருந்தாள்.

"இதுல என்ன தாயி எழுதியிருக்கு?"

"ஆபரேசனுக்குத்தான்க்கா. பச்சையத் தொடுங்க, போதும்."

ஆபரேஷன் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

"அட, இது எம்பொண்ணு செஞ்சதாச்சே" என்று அம்மா சிரித்தாள்.

"அம்மா, கைய எடு" என்று கத்திக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் நீட்டிய கால்கள். அவளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அளந்தவள் நான்தான்.